நீரோடி நாட்குறிப்பு: பச்சைக் கடலில் ஒற்றைச் செல்

செப்டம்பர் 12

குமரி மாவட்டத்து நீரோடியிலிருந்து கேரள எல்லைக்கு அப்பால் பொழியூர் வரை கடல் பச்சையாகக் கிடக்கிறது. “ராத்திரி வள்ளம் போன வழியெல்லாம் நீல வெளிச்சம் மக்களே, மீன்தான் இல்லை” என்றார் பக்கத்து வீட்டு மாமா. வாளியில் நீர் அள்ளிவந்தேன். ஜவ்வரிசிபோல் உருண்டைகள் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன; ஒவ்வொன்றும் ஒரே செல். இந்த உயிரின் அறிவியல் பெயர் நாக்டிலூக்கா சின்டில்லன்ஸ். 2 மில்லிமீட்டர் வரைகூட வளரும்.

செப்டம்பர் 13

நுண்ணோக்கியில் மாலை முழுவதும் போனது. உருண்டையில் ஒரு பள்ளம், அதன் ஓரத்தில் அசையும் ஒற்றை உணர்கொம்பு. 1810இல் மக்கார்ட்னி என்னும் ஆய்வாளர் இதை ஜெல்லிமீன் என்றே எண்ணி, ‘மெடூசா சின்டில்லன்ஸ்’ என்று பெயரிட்டார். இந்த உருவத்தைப் பார்த்தபின் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று இது டைனோஃபிளாஜெல்லேட் என்னும், சவுக்குபோன்ற இழைகளால் நீந்தும் ஒற்றைச் செல் உயிர்களின் கூட்டத்தில் இருக்கிறது. ஆனால் வளர்ந்த செல்லில் அந்தக் கூட்டத்துக்குரிய கவசத் தகடுகள் இல்லை. உட்கருவில் எப்போதும் சுருண்டு தடித்திருக்கும் குரோமோசோம்களும் இல்லை. இனப்பெருக்கத்தின்போது வெளியேறும் சிறு பாலணுக்களில் (இனப்பெருக்கச் செல்களில்)தான் அந்தச் சாயல் தெளிவாகத் தெரிகிறது. வளர்ந்த உருவத்தை மட்டும் வைத்து இனம் பிரிப்பது எவ்வளவு ஆபத்து!

செப்டம்பர் 15

பச்சை நிறம் நாக்டிலூக்காவுடையது அன்று. அதன் உள்ளே நீந்தும் நுண்பாசிகளுடையது. கோழிக்கோட்டுக் கடலில் கிடைத்தவற்றை ஆராய்ந்து 1954இல் சுப்பிரமணியன் என்னும் ஆய்வாளர் அந்தப் பாசிக்கு ‘புரோட்டோயூக்ளினா நாக்டிலூக்கே’ என்று பெயர் வைத்து, யூக்ளினா என்னும் ஒற்றைச் செல் உயிர்களின் வகையில் சேர்த்தார். 1976இல் ஸ்வீனி என்னும் ஆய்வாளர் அதைப் பெடினோமோனாஸ் என்னும் பச்சைப்பாசிப் பேரினத்துக்கு மாற்றினார். 2016இல் மரபணுக்களை ஒப்பிட்டபோது அது யூக்ளினாவும் அன்று, பெடினோமோனாஸும் அன்று, பச்சைப்பாசிகளில் தனிப் பேரினம் என்று தெரிந்தது. சுப்பிரமணியன் வைத்த பெயரே திரும்ப வந்தது. வகை மாறியும் பெயர் நிலைத்ததைப் படித்தபோது எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. நம் கரையோரத்து நீரை உற்றுப் பார்த்து ஒருவர் வைத்த பெயர் அல்லவா!

செப்டம்பர் 16

மழை. கரைக்குப் போகவில்லை.

செப்டம்பர் 17

பச்சை குறைந்திருக்கிறது. மாமா கேட்டார்: “இது செடியா, பூச்சியா?” நுண்ணுயிர்களையும் மீன்முட்டைகளையும் பிடித்துத் தின்னும் என்றேன்; உள்ளிருக்கும் பாசி வெயிலில் உணவு சமைத்தும் கொடுக்கும் என்றேன். மீனுக்குக் கெடுதலா என்று அடுத்த கேள்வி. இது நஞ்சு சுரப்பதில்லை. ஆனால் மிதப்பதற்காக உடலில் அம்மோனியத்தைச் சேர்த்துவைக்கிறது. கூட்டமாகச் செத்து அழுகினால் அது நீரில் கலக்கும், ஆக்சிஜனும் குறையும். 2019 செப்டம்பரில் இது பெருகியபோது பாம்பன் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கியதைச் சொன்னேன். அவர் தொழிலுக்கு வேண்டிய செய்தி அதுதான். கண்ணாடித் தட்டில் மீதமுள்ளவற்றில் நாளை பாலணுக்களைத் தேட வேண்டும்.