தேவன்பிட்டியில் வைத்த நேர்த்தி

அம்மா இந்த நேர்த்தியை மடு மாதா கோவிலில் வைக்கவில்லை, தேவன்பிட்டியில் வைத்தார். 2008 ஏப்ரலில் ஷெல்லுக்குத் தப்பிக் குருமார் மடு மாதாவை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நாங்களும் சட்டி பானையோடு அந்த வழியால்தான் ஓடினோம். “தாயே, நீரும் எங்களைப் போல இடம்பெயர்ந்து நிற்கிறீர். திரும்பி வந்து அவருடைய கல்லறையைக் கண்டால், கோவிலுக்குக் கூரை போட்டு உமது மண்ணைக் கொண்டுவந்து வைப்பேன்” என்று அப்பாவை நினைத்து அழுதார்.

இலுப்பைக்கடவைப் பக்கம், எங்கள் வளவின் கோடியில் பூட்டனார் கட்டிய கல்லறைக் கோவில் அது. பத்துப் பேர் முழங்காலிட்டால் நிறைந்துவிடும். ஊர் திரும்பியபோது ஓடும் இல்லை, பாலைமரத் தீராந்தியும் இல்லை. பீடத்தின்மேல் ஆலங்கன்று நின்றது. அப்பாவின் கல்லில் பெயர் பாதிதான் மிச்சம். கையில் காசு சேர்ந்ததும் அவசரப்பட்டுச் சீமெந்து பூசினோம். இரண்டு மாரிக்குள் சுவர் பொருமிப் பாளம் பாளமாக விழுந்தது. பழைய சுண்ணாம்புச் சுவரைச் சீமெந்தால் மூடினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லை என்று மன்னாரிலிருந்து வந்த முதிய மேசன் சொன்னார். எல்லாவற்றையும் கொத்தி உதிர்த்து, சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் பனங்கட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார். அந்தக் கைகளை மாதா ஆசீர்வதிக்கட்டும்.

மண்ணெடுக்க ஆவணித் திருவிழாவுக்குப் போனோம். மடுச் சந்தியில் வான்காரர்கள் வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். இதையெல்லாம் பொறுக்கலாம். மாதாவுக்கு முன்னால் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நகர மறுப்பவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. பின்னால் வெயிலில் நிற்கும் கிழவிகளை அவர்கள் நினைப்பதே இல்லை. அம்மாவுக்கு வயது 81. மூன்று மணித்தியாலம் நின்றார், உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

ஒருவழியாக முன்னால் வந்தோம். 1670இல் ஒல்லாந்தருக்குத் தப்பி மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் காட்டுக்குள் கொண்டுவந்த அந்தச் சிறிய முகம். வழியெல்லாம் செபத்தை முணுமுணுத்துக்கொண்டு வந்த அம்மாவுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே எங்கள் கோவில் சுவரிலிருந்து உதிர்ந்த பழைய சுண்ணாம்புக் காரை, நெல்லிக்காய் அளவில். நகத்தளவு சிப்பி ஒன்று அதில் அப்படியே பதிந்திருந்தது. அதை எப்போது எடுத்து முடிந்தார் என்று எனக்குத் தெரியாது. உள்ளங்கையில் வைத்து மாதாவை நோக்கி நீட்டினார். “வந்துவிட்டேன் தாயே” என்றார். பின்னால் யாரும் எங்களை நெருக்கவில்லை, அல்லது நெருக்கியது எனக்கு உறைக்கவில்லை.

மருதமடுத் தாயே, எத்தனை முறை நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது. முகாமில் காய்ச்சலில் கிடந்த தங்கையைத் தந்தீர், ஊரைத் தந்தீர், இந்த நாளைக் காண அம்மாவுக்கு ஆயுளும் தந்தீர்.

பொழுதுபட வீட்டுக்கு வந்ததும் அம்மா தேநீர்கூடக் குடிக்காமல் நேரே கல்லறைக் கோவிலுக்குப் போனார். மண்ணை அப்பாவின் கல்லடியில் தூவி, மெழுகுதிரியைக் கொளுத்தினார்.

“இஞ்சாருங்கோ, கூரை போட்டாயிற்று” என்றார்.

திரி எரிந்து முடியும்வரை எழும்பவில்லை.