அரசு மேசைக்கு மதம் வேண்டாம்

ராமேஸ்வரம் கோயில், ஏர்வாடி தர்கா, ஓரியூர் தேவாலயம் என்று எங்கள் கடற்கரையில் பக்திக்கு என்றைக்கும் குறைவில்லை. நானும் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள்தான். ஆனால் தாலுகா ஆபீஸ் சுவரில் சாமி படம் வேண்டாம், எந்த மதத்துடையதும். மனு கொடுக்க வரும் பாய்க்கும், படகில் அந்தோணியார் பெயர் எழுதிய அண்ணனுக்கும் அது சொந்த அலுவலகமாகத் தெரிய வேண்டாமா?

‘மதச்சார்பற்ற’ என்ற சொல் அரசியலமைப்பின் முகவுரையில் 1976இல்தான் சேர்ந்தது, சரி. ஆனால் ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்க்க யாரையும் வரி கட்டக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் 27ஆவது பிரிவும், முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்னும் 28ஆவது பிரிவும் 1950 முதலே இருக்கின்றன.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைப் பேசப் போகிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் வாங்க.