மூன்றாகப் பிரிந்துகிடந்த என் பெயர்

இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோது கல்லூரி அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மொத்தக் கட்டுரைகள், மொத்த மேற்கோள்கள் (மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் நம் கட்டுரையைக் குறிப்பிட்ட எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ், ஒவ்வோர் ஆய்விதழின் இம்பாக்ட் ஃபாக்டர். அரை நாள் வேலை என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஆனது.

சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் இருக்கிறேன். நான் எழுதியதெல்லாம் சர்க்கரை, பிரஷர் பற்றித்தான். அதுவும் பெரிய ஆஸ்பத்திரியில் அல்ல, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்களைப் பற்றி.

ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுத்து வைக்கும் ஸ்கோப்பஸ் தளத்தில் தேடினால் நான் மூன்று பேராக இருந்தேன். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆய்விதழ்களின் இணையப் படிவமோ 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. எம்.டி. படித்தபோது அதில் அப்பாவின் இனிஷியலைப் போட்டேன். இன்னொரு இதழ் ஒற்றை எழுத்தை ஏற்கவில்லை, அப்பாவின் முழுப் பெயரைப் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் சேர்ந்தது, அப்புறம் வந்த கட்டுரைகளில் அதுவும் ஏறியது. மூன்று பெயர், மூன்று கணக்கு, மூன்றிலும் சின்னச் சின்ன எண்கள்.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. குறைந்தது ஆறு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஆறு இருந்தால் எண் 6. என் கட்டுரைகள் சிதறிக் கிடந்ததால் ஒரு கணக்கில் 4, மற்றதில் 3, இன்னொன்றில் 2. சேர்க்கச் சொல்லி ஸ்கோப்பஸ் தளத்திலேயே விண்ணப்பித்தேன். மூன்று வாரம் கழித்து ஒன்றானது. எண் 6.

கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலரில் தலைகீழ்ப் பிரச்சினை. என் பெயரும் இனிஷியலும் கொண்ட வேறொருவரின் பல் மருத்துவக் கட்டுரைகள் என் கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளில் வரும் மேற்கோளையும் எண்ணும், ஆகவே அங்கே எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். படிவத்தில் எந்தத் தளம், எந்தத் தேதி என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் சரிபார்ப்பவருக்கு வேறு எண் வரும், சந்தேகம் நம் மீது விழும்.

ஆர்கிட் என்பது பெயர் எப்படி மாறினாலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் தனி எண். பதினாறு இலக்கம், இலவசம். முதல் கட்டுரை அனுப்பும் முன்பே வாங்கியிருந்தால் இந்த அலைச்சலில் பாதி இருந்திருக்காது. என் மாணவர்களை இப்போது முதல் வருடத்திலேயே வாங்க வைக்கிறேன்.

இம்பாக்ட் ஃபாக்டர்தான் எனக்கு உண்மையாகவே வலித்தது. ஓர் இதழ் முந்தைய இரண்டு வருடங்களில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த வருடம் சராசரியாக எத்தனை மேற்கோள் வந்தது என்பதே அது. நாட்பட்ட நோய் அவ்வளவு வேகமாக நகராது. 2006இல் வெளியான இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு நம் சென்னைக் குழு செய்தது. 531 பேரை மூன்று வருடத் திட்டத்தில் பின்தொடர்ந்தார்கள். அதைப் படித்து ஒருவர் தன் ஊரில் அதேபோல் ஆய்வு தொடங்கி, முடித்து, எழுதினால், அவர் தரும் மேற்கோள் வருவதற்குள் அந்த இரண்டு வருடக் கணக்கு முடிந்தே போயிருக்கும்.

என் கட்டுரைகளில் மிகக் குறைவாக மேற்கோள் பெற்றது, மாத்திரை வாங்க வருகிறவர்கள் ஏன் நடுவில் வராமல் நின்றுவிடுகிறார்கள் என்பது. காலையில் வந்து வரிசையில் நின்றால் கட்டட வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. நான் ஆய்வு செய்த சுகாதார நிலையத்தின் டாக்டர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மாலையிலும் மாத்திரை தர ஏற்பாடு செய்தார். படிவத்தில் இதை எழுத இடமே இல்லை.

இதைத் தனியாக ஒரு பக்கம் எழுதி இணைத்தேன். ஆய்விதழின் இம்பாக்ட் ஃபாக்டரை வைத்துத் தனி ஆய்வாளரின் பணியை அளக்கக் கூடாது என்று சொல்லும் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012இல் உருவானது. அதையும் குறிப்பிட்டேன். நேர்காணலில் ஒரு மூத்த பேராசிரியர் மற்ற தாள்களைப் புரட்டிவிட்டு அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினார். "மாலையில் எத்தனை பேர் வர்றாங்க?" என்று கேட்டார். நிலையத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்து வைத்திருந்ததைக் காட்டினேன். பதவி உயர்வு கிடைத்தது.

அந்த நிலையத்துக்குச் செய்தி சொல்லப் போனபோது அங்கிருக்கும் செவிலியர் அக்கா கேட்டார்: "எங்களைப் பத்தி எழுதுனதை எங்களுக்குக் குடுக்கவே இல்லையே மேடம்?" ஆங்கிலத்தில் இருப்பதைக் கொடுத்து என்ன பயன்? அன்று இரவே தமிழில் இரண்டு பக்கம் எழுதினேன். மறுநாள் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவிட்டார்.