‘மூளை நார்மல்’ என்று சொல்லி மாட்டிக்கொண்ட கேஸ்

எம்.டி. ரேடியாலஜி ப்ராக்டிகலில் எனக்கு வந்த லாங் கேஸ் (விரிவாக விளக்க வேண்டிய கேஸ்) பார்க்க ரொம்ப எளிதாக இருந்தது. 28 வயதுப் பெண், உடல் பருமன், மூன்று மாதமாகத் தலைவலி, குனிந்து நிமிர்ந்தால் சில விநாடி பார்வை மங்குகிறது. மூளை எம்.ஆர்.ஐ. கொடுத்தார்கள். கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் இருக்கும் அறை) அளவு சரியாக இருக்கிறது. “மூளை நார்மல் சார்” என்றேன். எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “ஏம்மா, அந்தப் படத்துல கண்ணு இல்லையா?” என்றார்.

இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

இந்தத் தவறை நிறையப் பேர் செய்கிறோம். மூளை எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது இரண்டு கண்களும் ஓசியில் கிடைத்துவிடுகின்றன. ஆனால் நம் பார்வை நேராக மூளைக்குப் போய்விடுகிறது. படிக்கும்போது முதலில் காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பார்வை நரம்பு, மூளையே முன்னால் நீண்டு வந்த ஒரு கிளை. மூளையைச் சுற்றியிருக்கும் உறைகளும் நீரும் அதனுடனேயே கண்ணின் பின்சுவர் வரை வருகின்றன. மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அந்த நீர் உறைக்குள் தேங்கும், உறை உப்பும், கண்கோளத்தைப் பின்னாலிருந்து அழுத்தும். நரம்பின் தலைப்பகுதி (டிஸ்க்) வீங்கிக் கண்ணுக்குள் எட்டிப்பார்க்கும். இதுதான் பாப்பிலெடிமா. இது மனதில் பதிந்துவிட்டால் எம்.ஆர்.ஐ. அறிகுறிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இப்போது நான் பார்க்கும் வரிசை இது. ஆக்ஸியல் (குறுக்குவெட்டு) டி2 (நீர் வெள்ளையாகத் தெரியும்) படங்களில் லென்ஸும் நரம்பும் ஒன்றாகத் தெரியும் ஸ்லைஸில் நிறுத்துவேன். கண்ணின் பின்சுவர் வளைவாக இருக்க வேண்டும். நரம்பு நுழையும் இடத்தில் அது தட்டையாகத் தெரிந்தால் உடனே நிமிர்ந்து உட்கார வேண்டும். அப்புறம், கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுத்த கரோனல் (முன்னிருந்து பார்க்கும் வெட்டு) டி2. நரம்பைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். இங்கேதான் பொறி: மெல்லிய வளையம் நார்மல் ஆட்களிலும் இருக்கும். அதனால் வளையத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால் உதைபடுவோம். பின்சுவர் தட்டையாவது அதைவிட நம்பகமானது. நரம்பு மேலும் கீழுமாக வளைந்திருந்தால், ஆக்ஸியல் படத்தில் நடுவில் கொஞ்சம் அழிந்துபோனது போலத் தெரியும். முதல் தடவை நான் அதை நோயாளி அசைந்ததால் வந்த மங்கல் என்றே நினைத்தேன்.

கண்ணை விட்டு அடுத்து மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. சாஜிட்டல் (பக்கவாட்டு வெட்டு) டி1-இல் அது தன் எலும்புக் குழியின் தரையோடு ஒட்டி நசுங்கியிருந்தால் எம்ப்டி செல்லா. தனியாக இருந்தால் இதற்குப் பெரிய அர்த்தம் இல்லை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிலும் பார்க்கிறோம். மற்ற அறிகுறிகளின் கூட்டத்தோடு வந்தால்தான் மதிப்பு. கடைசியாக, சிரைகளைக் காட்டும் எம்.ஆர். வீனோகிராம்: முதலில் சைனஸில் (மூளையின் பெரிய சிரைக் குழாயில்) ரத்தம் உறையவில்லை என்று உறுதி செய்ய வேண்டும், பிறகுதான் டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் குறுகியிருக்கிறதா என்ற பேச்சு. பிரசவம் முடிந்த பெண், கருத்தடை மாத்திரை எடுப்பவர் என்றால் இதை விட்டுவிடவே கூடாது.

2013-இல் வந்த திருத்திய அளவுகோல்களைக் கட்டாயம் கேட்பார்கள். காரணம் தெரியாமல் மண்டை அழுத்தம் உயரும் நோயில், பாப்பிலெடிமாவும் ஆறாம் நரம்பு வாதமும் (கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பின் செயலிழப்பு) இல்லாவிட்டாலும், எம்ப்டி செல்லா, தட்டையான பின்சுவர், உப்பிய உறை, குறுகிய டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் ஆகிய நான்கில் மூன்று இருந்தால் அந்த நோயைச் சந்தேகிக்கலாம். அதற்கும் லம்பார் பஞ்ச்சரில் (முதுகில் ஊசி செலுத்தி மூளைநீரின் அழுத்தத்தை அளப்பது) திறப்பு அழுத்தம் பெரியவர்களுக்கு 250 மில்லிமீட்டர் நீருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

அடுத்து வரும் கேள்வி ஆப்டிக் நியூரைட்டிஸ் (பார்வை நரம்பு அழற்சி). அங்கே நரம்பே டி2-இல் வெளுத்திருக்கும், காடோலினியம் (எம்.ஆர்.ஐ.க்கான கான்ட்ராஸ்ட் ஊசி மருந்து) கொடுத்தால் பளிச்சிடும். பெரும்பாலும் ஒரு கண், அசைத்தால் வலி, பார்வை சீக்கிரமே குறையும். பாப்பிலெடிமாவில் பொதுவாக இரண்டு கண்ணும், பார்வை ஆரம்பத்தில் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

ஒன்றை மட்டும் தைரியமாகச் சொல்லுங்கள்: எம்.ஆர்.ஐ. நார்மல் என்பதால் பாப்பிலெடிமா இல்லை என்று ஆகாது. அதைக் கண்டுபிடிப்பது, கண்ணின் உட்புறப் பின்பகுதியை (ஃபண்டஸ்) பார்க்கும் ஆஃப்தால்மாஸ்கோப். என் ரிப்போர்ட்டில் இப்போது ‘ஃபண்டஸ் பரிசோதனையுடன் ஒப்பிடவும்’ என்ற வரி இருக்கும். அன்று இதைச் சொன்னதும் எக்ஸாமினர் முகம் கொஞ்சம் இளகியது.

விடாமல் ஒரு கேள்வி போட்டார். “டிஸ்க் வீங்கின மாதிரி இருக்கு, எம்.ஆர்.ஐ.யில ஒண்ணும் இல்ல, பிரஷரும் நார்மல். அடுத்து என்னம்மா?” டிஸ்க் ட்ரூசன் (நரம்பின் தலைப்பகுதியில் படியும் கால்சியக் கட்டிகள்) என்றேன், கண்ணுக்கு பி-ஸ்கேன் அல்ட்ராசவுண்ட் போட்டால் கால்சியம் வெள்ளையாக மின்னும். முந்தின நாள் ராத்திரி மெஸ்ஸில் தோசைக்குக் காத்திருக்கும்போது ஒரு சீனியர் அக்கா சொன்னது அது.