ஆப்டிமிஸ்ட்: சிறார்க்கான பந்தயப் படகு

1947ஆம் ஆண்டு ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டர் நகரில், மெல்லிய ஒட்டுப்பலகைகளைக் கொண்டு எவரும் குறைந்த செலவில் கட்டிக்கொள்ளும்படி கிளார்க் மில்ஸ் வடிவமைத்த ஆப்டிமிஸ்ட் என்னும் பாய்மரப் படகு, சிறுவர்களுக்கு அமைந்த மிகச் சிறந்த கல்விக்கருவி என்றே நான் கருதுகிறேன். அதன் மொண்ணையான முன்புறத்தைப் பார்த்து அழகில்லை என்பவர்கள் உண்டு. எனக்கு அது அழகாகவே தெரிகிறது.

நீளம் 2.36 மீட்டர், உடற்பகுதியின் எடை 35 கிலோ, பாயின் பரப்பு சுமார் 3.3 சதுர மீட்டர். 15 வயது வரையுள்ளவர்களே இதில் போட்டியிடுகின்றனர்.

ஏரியில்தான் இப்படகின் அருமை முழுமையாகப் புலப்படும். கரையோர மரங்களும் மேடுகளும் காற்றைத் தடுத்துத் திருப்பிவிடுவதால், அது நொடிக்கு நொடி திசை மாறி, சில இடங்களில் அறவே அற்றுப்போகும். ஆகவே, நீர்ப்பரப்பில் கருமையாகப் படரும் சிற்றலைகளைக் கண்டு அடுத்த வீச்சு எங்கிருந்து வருமென்று கணிக்கும் சிறுமி, தன்னைவிட வலிமையுள்ளவர்களையும் முந்திவிடுகிறாள். காற்று மெலிந்திருக்கும்போது பின்விளிம்பு நீரில் இழுபடாதிருக்க அவள் முன்னே நகர்ந்து அமர வேண்டும். வலுத்தால் பின்னே நகர்ந்து, பாதப்பட்டைகளில் கால்களை மாட்டி, உடலை வெளியே சாய்த்துப் படகைச் சமனாக வைத்திருக்க வேண்டும். பாயின் மேல்மூலையைத் தாங்கும் சாய்கழியின் கயிற்றையும் காற்றுக்கேற்ப இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். இல்லையேல் பாயில் மூலைவிட்டமாகச் சுருக்கங்கள் விழும்.

படகு கவிழ்ந்தாலும் அதனுள் கட்டப்பட்ட காற்றுப்பைகள் அதை மிதக்க வைக்கும். அதை நிமிர்த்தி, நீரை இறைத்து, பந்தயத்தைத் தொடர்வதற்குச் சிறுவர்களுக்குத் தொடக்கத்திலேயே பயிற்சியளிக்க வேண்டும்.