விசரா பாட்டிலுக்குள் வராதவை

தடய ஆய்வகத்தில், சந்தேக மரணங்களில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கும் நச்சியல் பிரிவில், என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "மிஷின்ல போட்டா தெரிஞ்சிடுமே சார்?" என்பதுதான். கேட்பவர் இன்ஸ்பெக்டராகவும் இருப்பார், இறந்தவரின் அண்ணனாகவும் இருப்பார். 1849-லேயே வேதியியல் பரிசோதகர் அலுவலகம் தொடங்கிய ஊர் சென்னை. ஆனாலும் இந்த நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

மிஷினுக்கு வருமுன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுவிடுகிறது. பிணக்கூறாய்வில் எடுக்கும் உள்ளுறுப்புகளைத்தான் விசரா என்கிறோம். இரைப்பையும் அதிலிருந்ததும் தனியாக, கல்லீரல் துண்டும் சிறுநீரகப் பாதிகளும் தனியாக, செறிந்த உப்புக் கரைசலில் போட்டு வரவேண்டும். அதே கரைசலில் கொஞ்சம் வேறொரு பாட்டிலில் வரவேண்டும். கண்டுபிடிக்கும் பொருள் உப்பிலிருந்து வந்ததல்ல என்று சொல்ல அதுதான் ஆதாரம். ரத்தம் கெடாமலிருக்க சோடியம் ஃப்ளூரைடு. எங்காவது ஒரு பிணவறையில் பழக்கதோஷத்தில் ஃபார்மலினை ஊற்றிவிடுவார்கள். திசு கல்லாகிவிடும், பல நஞ்சுகளைப் பிரித்தெடுக்கவே முடியாது. சீல் சரியாக இருக்கிறதா, நடுவர் நீதிமன்றக் கடிதத்தோடு வந்த மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே பாட்டிலைத் திறப்போம்.

கடிதத்தில் பெரும்பாலும் ஒரே வரிதான்: விஷம் அருந்தி இறந்ததாகச் சந்தேகம். என்ன விஷம்? கிராமத்தில் கேட்டால் எல்லாமே பாலிடால்தான். எந்தப் பூச்சிமருந்துக்கும் அந்தப் பெயர். பூச்சிமருந்தாக இருந்தால் கவலையில்லை, பொருளை ஆவியாக்கிப் பிரித்துக்காட்டும் வாயு நிறப்பிரிகைக் கருவி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எங்களை அலைக்கழிப்பவை செடிகள். அரளி விதையின் நஞ்சு எளிதில் ஆவியாகாது, அந்தக் கருவிக்குள் அப்படியே போகாது. அதற்கு, ஆவியாக்காமலே பிரித்துக்காட்டும் மென்படலத் தட்டோ, திரவ நிறப்பிரிகையோ வேண்டும். அரளி என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நேராக அங்கே போயிருப்போம். ஒடுவன் என்ற நச்சுச் செடியின் தழை இன்னும் மோசம். அரைத்துக் குடித்தவர் முதலில் நன்றாகவே இருப்பார். பிறகு பொட்டாசியம் சரிந்து, இதயத் துடிப்பு தடுமாறி, சில நாள் கழித்துப் போய்விடுவார். அதற்குள் இரைப்பையில் என்ன மிச்சமிருக்கும்?

மிச்சமிருந்திருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அவசரப் பிரிவில் இரைப்பையைக் கழுவும்போது வரும் முதல் நீர். உயிரைக் காப்பாற்றும் பரபரப்பில் அதை வாளியில் ஊற்றிவிடுகிறார்கள். குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் எங்கள் பாட்டில்கள் எல்லாவற்றையும்விட அந்த வாளி மதிப்புள்ளது.

ஆகவே நாங்கள் அறிக்கையில் "கண்டறியவில்லை" என்று எழுதுவது, இந்தப் பொருளில், இந்த முறைகளில், இந்த அளவுக்குக் கீழே போகமுடியாமல் நின்றோம் என்பதுதான். நீதிமன்றத்தில் அது வேறாகப் படிக்கப்படுகிறது. அரசு ஆய்வக அறிக்கையை நிபுணரை அழைக்காமலே சான்றாக ஏற்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. நேரம் மிச்சம்தான். ஆனால் விளக்க ஆளில்லாமல் காகிதம் தனியாகக் கூண்டேறுகிறது. கூப்பிட்ட சில தடவைகளில், "விஷம் இல்லைன்னு நீங்களே சொல்றீங்க, சரிதானே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் முடித்துவைக்கப் பார்ப்பார். "நோயாளி எத்தனை நாள் சிகிச்சையில் இருந்தார் என்று சொல்லுங்கள் சார், பதில் சொல்கிறேன்" என்பேன்.

உச்ச நீதிமன்றத்துக்கு இது தெரியாததல்ல. 1960-இல் ஆனந்த் சிந்தாமன் லாகு வழக்கில், புனேயைச் சேர்ந்த டாக்டர் ஒருவர் தன் பராமரிப்பில் இருந்த விதவையின் சொத்துக்காக அவரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. உள்ளுறுப்புகளில் நஞ்சு அகப்படவில்லை. ஒரு நீதிபதி மாறுபட்டாலும், மற்றச் சூழ்நிலைச் சான்றுகளை வைத்துத் தண்டனை உறுதியானது. நான் படித்ததில், இது ஆய்வகத்துக்கு எதிரான தீர்ப்பு அல்ல, ஆய்வகத்தின் எல்லையை மதித்த தீர்ப்பு. மறுபக்கமும் இருக்கிறது: நாங்கள் காட்டமுடியாததைச் சந்தேகத்தை வைத்தே நிரப்பிக்கொள்ளும் ஆபத்து. அந்த மாறுபட்ட தீர்ப்பையும் அதனால் மதிக்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கே போகவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. மாநிலங்கள் தயாராக ஐந்தாண்டு வரை அவகாசம். ஆள் எங்கே என்பது நியாயமான கேள்வி. என்றாலும் எனக்கு இதில்தான் நம்பிக்கை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம், கட்டிலுக்கடியில் பாட்டிலைத் தேடுவதோடு நிறுத்தாமல் அம்மியையும் மிக்ஸி ஜாரையும் துடைத்தெடுக்கச் சொல்கிறேன். வாந்தி பட்ட துணியை நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் போடாமல் காகித உறையில் வைக்கவேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும்.