எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

ஒரு மாசமா கேமிங் கம்ப்யூட்டருக்குப் பார்ட்ஸ் லிஸ்ட் எழுதி எழுதி அழிச்சு, ஒருவழியா முடிச்சுட்டேன். பட்ஜெட்டில் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குத்தான். 1080பி (ஃபுல் ஹெச்டி) மானிட்டருக்கு 6 கோர், அதாவது உள்ளே ஆறு தனித்தனி கணக்கிடும் பகுதி இருக்கிற பிராசசர் போதும். 8 கோர் ஆசையை விட்டுட்டு அந்தக் காசையும் கார்டிலேயே போட்டேன். 16 ஜிபி ரேமை ஒரே ஸ்டிக்கா வாங்காதீங்க. 8 ஜிபி ரெண்டா போட்டா ட்யூயல் சேனலில் ஓடும், அதாவது ரெண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்துல டேட்டா கொடுத்து வேகம் கூடும்.

பவர் சப்ளையில மட்டும் தயவுசெஞ்சு மிச்சம் பிடிக்காதீங்க. பெட்டியில இருக்கிற 80 பிளஸ் முத்திரை, மின்சாரம் எவ்வளவு குறைவா வீணாகுதுன்னுதான் சொல்லும். உள்ளே இருக்கிற பாகங்களோட தரத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. என் பழைய மெஷின்ல மலிவு சப்ளை ஒண்ணு போனப்போ மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோயிடுச்சு. அந்த வலி இன்னும் இருக்கு. கலர் லைட், கண்ணாடி கேபினட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.